ஆர்கேட் பெட்டியின் முன்தகடு

வீட்டிலேயே ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி செய்கிறவர்கள் பிளைவுட், ஜாய்ஸ்டிக், பட்டன், உள்ளே வைக்கும் ராஸ்பெர்ரி பை என்று ஒவ்வொன்றையும் சலிக்காமல் அலசுவார்கள். திரைக்கு முன்னால் வரும் தகட்டை மட்டும் கடைசி நாள் வேலையாக விட்டுவிடுவார்கள். பெயின்ட் காய்ந்த பிறகு கண்ணாடிக் கடைக்கோ பெயர்ப்பலகை செய்கிற கடைக்கோ போய், அங்கே கிடைப்பதை வெட்டி வாங்கி வந்து மாட்டுவார்கள். அன்று மாலை டியூப்லைட்டைப் போட்டதும்தான் விஷயம் தெரியும். விளையாட்டைவிட, ஆடுகிறவரின் சட்டைப் பொத்தான் அதில் தெளிவாகத் தெரியும்.

அக்ரிலிக்கா கண்ணாடியா, தெளிவானதா புகைநிறமா என்பதில் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களிடையே தீராத சச்சரவு உண்டு. இரண்டு பக்கமும் சொல்கிற குணங்கள் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பின்னால் இருப்பது பழைய பிக்சர் டியூபா, எல்சிடி மானிட்டரா என்பதைக் கேட்காமலே பேச்சு ஓடுகிறது. தகட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தத் திரையை வைத்துத்தான். பெட்டியின் அழகை வைத்து முடிவு செய்வதால்தான் பாதித் தொல்லை.

பழைய விளையாட்டுக் கூடங்களில் இந்தத் தகட்டுக்கு வேலை அதிகம். 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசிக்கு நிறம் காட்டத் தெரியாது. டிவி திரைமேல் ஒட்டும் வண்ணத் தாள்களைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அட்டாரியின் பிரேக்அவுட் 1976இல் வந்தபோது மானிட்டர் கறுப்பு வெள்ளைதான். செங்கல் வரிசைகளின் நிறம் மேலே ஒட்டிய வண்ணப் பட்டைகளிலிருந்து வந்தது. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. மிட்வே அமெரிக்காவில் விற்ற நின்று ஆடும் பெட்டியில், பாதி பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்று மானிட்டரின் படத்தை ஆடுகிறவருக்குக் காட்டும். அதன் ஊடாகப் பின்னால் வரைந்த நிலாக் காட்சியும் தெரியும். விண்கலங்கள் அந்த ஓவியத்தின் மேல் மிதப்பதாகத் தோன்றும். அதே விளையாட்டை டைட்டோ ஜப்பானியக் காபிக் கடைகளுக்காக மேஜை வடிவிலும் செய்தது. அங்கே தகடுதான் மேஜைப் பலகை. காபிக் கோப்பை, சாம்பல் கிண்ணம், முழங்கை எல்லாம் அதன் மேல்தான்.

இவை போக, எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருந்தது. பிக்சர் டியூபின் உள்முகத்தில் பூசிய பாஸ்பர், அணைந்திருக்கும்போது வெளிர் சாம்பல். கூடத்து வெளிச்சம் அதன் மேல் பட்டால், படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாக வெளுத்துவிடும். இதற்கு மருந்தாகத்தான் புகைநிறத் தகடு வந்தது. அதன் கணக்கு எளிது. படத்தின் வெளிச்சம் தகட்டை ஒருமுறைதான் கடக்கிறது. அறை வெளிச்சமோ உள்ளே போகும்போது ஒருமுறை, பாஸ்பரில் பட்டுத் திரும்பும்போது ஒருமுறை என்று இரண்டு முறை கடக்க வேண்டும். படத்தின் வெள்ளையை 100 என்றும், அறை வெளிச்சத்தால் எழும் சாம்பலை 10 என்றும் வைப்போம். தகடு இல்லாதபோது வெள்ளைக்கும் கறுப்புக்கும் விகிதம் 110க்கு 10, அதாவது 11 மடங்கு. பாதி வெளிச்சத்தை விடுகிற தகட்டை வைத்தால் வெள்ளை 50 ஆகும், சாம்பல் கால்வாசியாகி 2.5 ஆகும்; விகிதம் 21 மடங்கு. திரை மங்கினாலும் படம் துலங்கும். டியூபைச் சுற்றியிருந்த இரும்புச் சட்டமும் திருகாணியும் அந்த இருட்டில் மறைந்தது கூடுதல் ஆதாயம்.

இந்த நியாயம் எல்சிடிக்குப் பொருந்தாது. எல்சிடியின் முகத்திலேயே போலரைசர் படலம் இருக்கிறது. உள்ளே புகும் அறை வெளிச்சத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். அணைந்த மானிட்டர் கறுப்பாக இருக்கும். அணைந்த பழைய டிவி சாம்பலாக இருக்கும். அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். போக்க வேண்டிய சாம்பலே இல்லாத திரைக்கு முன்னால் புகைநிறத் தகட்டை வைத்தால் மிஞ்சுவது மங்கல்தான்.

மங்கலோடு போனால் பரவாயில்லை. டியூப்லைட்டின் பிம்பத்தை எடுத்துக்கொள்வோம். எரியும் குழாயின் பிரகாசம் ஏறக்குறைய 10,000 நிட். தெளிவான அக்ரிலிக்கின் ஒவ்வொரு பரப்பும் நேராகப் படும் வெளிச்சத்தில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். முன்பரப்பு 400, பின்பரப்பு 400, ஆக 800 நிட் கண்ணில் அடிக்கும். சாதாரண மானிட்டரின் வெள்ளையே 250 நிட்தான். இப்போது தெளிவான தகட்டை எடுத்துவிட்டுப் பாதி வெளிச்சம் விடும் புகைநிறத் தகட்டை மாட்டுங்கள். பின்பரப்பின் 400 கால்வாசியாகி 100 ஆகும். முன்பரப்பின் 400 அப்படியே நிற்கும், ஏனென்றால் அது தகட்டுக்குள் நுழைவதே இல்லை. பிம்பம் 500, படம் 125. முன்பு பிம்பம் படத்தைவிட 3.2 மடங்கு இருந்தது, இப்போது 4 மடங்கு. பிம்பத்தைக் குறைக்கப் புகைநிறம் போடு என்று எல்சிடிக்காரருக்குச் சொல்லும் அறிவுரை ஒப்பேறாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாக்மேன் போன்ற செங்குத்து விளையாட்டை அகலத் திரையில் ஓட்டினால், 16க்கு 9 மானிட்டரின் அகலத்தில் 42 சதவீதம்தான் படம். மீதியெல்லாம் கறுப்பு என்று பெயர். இருட்டறையில் பார்த்தால் எல்சிடியின் பின்விளக்கு கசிந்து அது சாம்பலாக ஒளிரும். இந்தக் கசிவை அடக்கப் புகைநிறத் தகடு உதவும். ஆனால் அந்தப் பகுதியை மேட் கறுப்புச் சார்ட் அட்டையால் மூடிவிட்டால் செலவும் இல்லை, படமும் மங்காது. செங்குத்து விளையாட்டு மட்டும் ஆடப்போகிறவர் மானிட்டரையே திருப்பி நிறுத்தலாம்.

இனிப் பொருள்கள். அக்ரிலிக்கை முதலில் எடுப்பது, வீட்டுத் தச்சர்கள் பெரும்பாலும் அதில் தொடங்குவதால்தான். 1930களில் பிளெக்சிகிளாஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்த பொருள் இது. தெளிவில் குறை சொல்ல முடியாது: 92 சதவீத வெளிச்சத்தை விடும், இழப்பு முழுக்கப் பரப்புகளின் பிரதிபலிப்புதான். கண்ணாடியின் எடையில் பாதிகூட இல்லை. 600க்கு 450 மி.மீ. அளவில் 3 மி.மீ. அக்ரிலிக் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 4 மி.மீ. கண்ணாடி 2.7 கிலோ. பெயர்ப்பலகைக் கடையின் லேசர் எந்திரத்தில் வெட்டினால் விளிம்பு மெருகிட்டது மாதிரி பளபளக்கும்.

அந்தப் பளபளப்பான விளிம்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. லேசரின் சூடு விளிம்பில் இறுக்கத்தை விட்டுச்செல்லும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கைரேகையை எடுக்கிறேன் என்று ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால், விளிம்பிலிருந்து உள்நோக்கி முடி போன்ற வெடிப்புகள் ஓடத் தொடங்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சீப்பின் பற்களைப் போல வரிசையாகத் தெரியும். ஒருமுறை ஓடினால் எந்தப் பாலிஷும் அதை மீட்காது. கண்ணாடி துடைக்க விற்கும் அமோனியா கலந்த திரவங்களும் அக்ரிலிக்குக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அதுவும் ஈரத் துணி. காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த தூசியைவிட அதிகத் தூசியை இழுத்துக்கொள்ளும்.

மாட்டுவதிலும் அக்ரிலிக்குக்கு இடம்கொடுக்க வேண்டும். வெப்பத்தில் அது விரிகிற அளவு கண்ணாடியைப்போல ஏழெட்டு மடங்கு. 600 மி.மீ. நீளத் தகடு 20 டிகிரி சூடானால் ஏறக்குறைய 0.8 மி.மீ. நீளும். ஏசி ஓடும் இரவுக்கும் பூட்டிக் கிடக்கும் வீட்டின் மே மாத மதியத்துக்கும் அந்த இடைவெளி சாதாரணமாக வரும். ஓட்டை ஸ்க்ரூ அளவுக்கே இருந்தால் தகடு நடுவில் உப்பும், அல்லது ஓட்டையிலிருந்து கீறல் விடும். அடிப்பக்கம் கூம்பாக இருக்கும் தலையுள்ள ஸ்க்ரூ இன்னும் மோசம். முறுக்க முறுக்க ஆப்பு அடித்தது போலப் பிளக்கும். தட்டைத் தலை ஸ்க்ரூ, பெரிய ஓட்டை, நடுவே ஒரு ரப்பர் வாஷர் போதும். ஓட்டையே போடாமல் பலகையில் காடி எடுத்து மேலிருந்து இறக்குவதை நான் விரும்புவேன். தூசி தட்ட வெளியே எடுக்கவும் அதுதான் வசதி.

இதைவிடப் பெரிய பலவீனம் விறைப்பின்மை. கண்ணாடி அக்ரிலிக்கைவிட ஏறக்குறைய 20 மடங்கு விறைப்பானது. தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் கனத்தைப் பொறுத்து ஏறும். எனவே 4 மி.மீ. கண்ணாடிக்கு ஈடு சொல்ல அக்ரிலிக் 11 மி.மீ. இருக்க வேண்டும். நிற்கிற பெட்டியில் இது உறுத்தாது, 3 அல்லது 4 மி.மீ. தாராளம். மேஜை வடிவப் பெட்டியில்தான் குட்டு வெளிப்படும். மேலே பாரம் ஏற்றி மாதக்கணக்கில் விட்டால் அக்ரிலிக் மெல்லத் தொங்கும், பாரத்தை எடுத்தாலும் முழுதாகத் திரும்பாது. சூடான காபி டபரா வைத்த வட்டமும், மோதிரம் கீறிய கோடும் வேறு. மேஜைக்கு அக்ரிலிக் வாங்குகிறவர் மறுபடியும் கடைக்குப் போவார்.

பாலிகார்பனேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார் ஷெட்டுக்குக் கூரை போடுகிற அதே பொருள், போலீஸ் கேடயத்தின் பொருள். சுத்தியலால் அடித்தாலும் உடையாமல் குழியும். ஆனால் அக்ரிலிக்கைவிட மென்மை, சீக்கிரம் கீறும். ஒவ்வொரு பரப்பிலும் 5 சதவீதம் பிரதிபலிக்கும். லேசரில் வெட்டினால் விளிம்பு பழுப்பாகக் கருகும். கடினப் பூச்சு போட்ட ரகம் கிடைத்தால் கீறல் குறையும், விலை ஏறும். கல்லூரி விழாவிலோ பொருட்காட்சியிலோ கூட்டம் மோதும் இடத்தில் வைக்கிற பெட்டிக்கு இது சரி. வீட்டுப் பெட்டிக்குத் தேவைப்படும் சூழ்நிலை எனக்குத் தெரிந்து அபூர்வம்.

கண்ணாடிக்கு வருவோம். கீறாது, தொங்காது, எதைக்கொண்டும் துடைக்கலாம். தூசியில் உள்ள மணல்துகள் கண்ணாடியைவிடக் கடினம் என்பதால் அதுவும் என்றாவது கீறும்தான், ஆனால் அக்ரிலிக் ஒரு மாதத்தில் காட்டும் வயதைக் கண்ணாடி பல வருடம் கழித்துக் காட்டும். சாதாரணக் கண்ணாடியின் விளிம்பில் தெரியும் பச்சை, அதிலுள்ள இரும்பின் நிறம். 4 மி.மீ. தடிமனை நேராகப் பார்க்கும்போது அது படத்தில் தெரியாது. இரும்பு குறைந்த ஒசத்திக் கண்ணாடிக்குக் காசு செலவழிப்பது வீண் என்பேன்.

சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தியாகும். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து உலுக்குகிற பிள்ளைகளின் முகத்துக்கு நேரே அதை வைக்கக் கூடாது. டஃபன்ட் கிளாஸ்தான் வேண்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிரவைப்பதால் அதன் பரப்பு அழுத்தத்தில் இறுகியிருக்கும். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு அடி தாங்கும், உடைந்தால் சின்னச் சின்னப் பரல்களாக உதிரும். அந்த இறுக்கத்தாலேயே பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. அதன் மர்மஸ்தானம் விளிம்பு. நடுவில் குத்தினால் தாங்குகிற தகடு, மூலை தரையில் லேசாக மோதினால் மொத்தமாக நொறுங்கும். செல்போனில் டெம்பர் கிளாஸ் ஒட்டியவர்களுக்கு மூலையிலிருந்து விரிசல் கிளம்புவது பழகிய காட்சிதான். ஆகவே காடிக்குள் கண்ணாடி மரத்தையோ ஸ்க்ரூவையோ நேரடியாகத் தொடக் கூடாது. சுற்றிலும் ரப்பர் பட்டை இருக்க வேண்டும்.

புகைநிறம் உண்மையிலேயே தேவைப்படுகிற டியூப்காரர்களுக்கு இன்னொரு வழி, கார்க் கண்ணாடியில் ஒட்டும் சன் ஃபிலிம். 2012இல் உச்ச நீதிமன்றம் கார்களில் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை சொன்ன பிறகும், வீட்டுச் சன்னலுக்கான ஃபிலிம் தாராளமாகக் கிடைக்கிறது. கண்ணாடியின் உள்பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டலாம். இருட்டு அதிகமாகத் தோன்றினால் உரித்துவிட்டு வேறொன்று போடலாம்; சாயம் கலந்த அக்ரிலிக்கில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளி மினுக்கு உள்ள ரகம் மட்டும் வேண்டாம், திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். அக்ரிலிக் மேல் ஃபிலிம் ஒட்டுவதும் நிலைக்காது. பிளாஸ்டிக்கிலிருந்து மெல்லக் கசியும் வாயு அடியில் குமிழ் குமிழாகச் சேரும்.

பிம்பத்தை ஒழிக்க மேட் பரப்புள்ள தகட்டைப் பலர் பரிந்துரைப்பார்கள். போட்டோ சட்டத்தில் அது அழகாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே படம் கண்ணாடியை ஒட்டியிருக்கிறது. ஆர்கேட் பெட்டியில் திரைக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி வரும். அந்தத் தூரத்தில் மேட் பரப்பு எழுத்தையும் புள்ளியையும் கலைத்து, பனிமூட்டத்தில் விளையாடுவது போலாக்கிவிடும். மறுகோடியாக, இடைவெளியே இல்லாமல் தகட்டை மானிட்டரோடு ஒட்டவைத்தால், தொடும் இடங்களில் எண்ணெய்ப் படலம் போன்ற வண்ண வளையங்கள் எழும். இரண்டு மூன்று மி.மீ. விலக்கியே வைக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் ஓவியத்துக்கு முன்னால் வைக்கிற, பிரதிபலிப்பை 1 சதவீதத்துக்கும் கீழே இறக்கும் பூச்சுக் கண்ணாடி மட்டுமே உண்மையான தீர்வு. அதன் விலைக்கு இன்னொரு மானிட்டர் வாங்கலாம், அதோடு ஒவ்வொரு கைரேகையும் நீலமாகப் பளிச்சிடும்.

காசு செலவழிக்காமல் பிம்பத்தை விரட்டும் வழி சாய்மானம். மானிட்டரைப் பொதுவாக ஆடுகிறவரின் பார்வை செங்குத்தாக விழுமாறு பின்னே சாய்த்து வைப்போம். தகட்டையும் அதே சாய்வில் வைத்தால், செங்குத்தாக விழும் பார்வை நேரே திரும்பி அவர் முகத்துக்கும் முதுகுக்குப் பின்னால் உள்ள சன்னலுக்கும் போகும். தகட்டை மட்டும் 10 டிகிரி மாற்றினால் பிம்பம் 20 டிகிரி நகரும். பின்பக்கம் இன்னும் சாய்த்தால் பார்வை மேலே ஏறி, பெயர் எழுதிய முகப்புப் பெட்டியின் அடிப்பலகையில் முட்டும். அந்த அடிப்பலகையில் மேட் கறுப்பு பூசி, முகப்பு விளக்கின் கசிவை அடைத்துவிட்டால் தகட்டில் தெரிவதற்கு எதுவுமே இருக்காது. நிமிர்த்தினால் பார்வை கீழே இறங்கி, பட்டன் பலகையிலும் ஆடுகிறவரின் சட்டையிலும் விழும். ஒளிரும் பட்டன் வைத்தவர்களுக்கு இது தோதுப்படாது.

தகடு வாங்கும் முன்பே இதைச் சோதிக்கலாம். சவரம் செய்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைத் தகடு வரப்போகும் இடத்தில் அதே சாய்வில் பிடித்து, வழக்கமான உயரத்தில் நின்று பாருங்கள். அதில் டியூப்லைட் தெரிந்தால் நாளைக்குத் தகட்டிலும் தெரியும். அட்டைத் துண்டுகளைச் சொருகிச் சாய்வை மாற்றி, கண்ணாடியில் கறுப்பு மட்டும் தெரிகிற கோணத்தைப் பென்சிலால் பக்கப் பலகையில் குறித்துக்கொண்டு காடியை அங்கே எடுக்கலாம். பெட்டியை அறையில் எங்கே நிறுத்துவது என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுவது நல்லது.

திரையைச் சுற்றி வரும் கறுப்புக் கரைக்குத் தகட்டின் பின்பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் உண்டு. கண்ணாடிக்குச் சரி. அக்ரிலிக்கில் பெயின்டின் கரைப்பான் பரப்பைத் தின்னும். வண்டி நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டுகிற ஸ்டிக்கர் கடையில் கறுப்பு வினைலை அளவாக வெட்டித் தருவார்கள், அதைப் பின்பக்கம் ஒட்டினால் விளிம்பு கத்தி வெட்டாக இருக்கும்.

துப்பாக்கி விளையாட்டுக்காரர்களுக்குத் தனிக் கணக்கு. பழைய ஒளித்துப்பாக்கி, டியூபின் பளிச்சிடலைக் கண்டறிந்து குறி எங்கே என்று சொல்லும். புகைநிறத் தகடு அந்தப் பளிச்சிடலைத் தின்றுவிட்டால் குண்டு பதியாது. அவர்களுக்குத் தெளிவான தகடுதான், டியூபாக இருந்தாலும்.

எல்சிடி வைத்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, தகடு வேண்டுமா என்பதையே. பெரியவர்கள் மட்டும் ஆடுகிற வீட்டில், மானிட்டரைச் சுற்றி மேட் கறுப்பு அட்டைச் சட்டம் வைத்துத் திரையைத் திறந்தே விடலாம். 8 சதவீதப் பிரதிபலிப்பு, நடுவில் சேரும் தூசி, ஸ்க்ரூ, காடி எல்லாம் மிச்சம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் மேஜைப் பெட்டிக்கும் டஃபன்ட் கிளாஸ். நிற்கும் பெட்டிக்கு 4 அல்லது 5 மி.மீ., மேஜைக்கு 6க்குக் குறையாமல். ஆர்டர் கொடுப்பது பெட்டி முழுக்கப் பூட்டி, பெயின்ட் அடித்து முடிந்த பிறகு இருக்கட்டும். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அகலம் அளந்து, இருப்பதிலேயே சிறிய அளவிலிருந்து 3 மி.மீ. கழித்துக் கடைக்காரரிடம் எழுதிக் கொடுங்கள், மூலைகளை மழுங்கத் தேய்க்கச் சொல்லி. சூளைக்குள் போய் வந்த பிறகு ஒரு மயிரிழைகூடக் குறைக்க முடியாது.